ரத்தத்தில் ஏறிய மஞ்சள்

புரட்டாசி சனிக்கிழமை காலை. விளக்கேற்றப் போனவள், சாமி அலமாரியையும் ஒரு துடை துடைத்துவிடலாம் என்று அங்கிருந்த மருந்து பாட்டிலைத் தூக்கினேன். கனமே இல்லை. குலுக்கினேன், சத்தம் இல்லை. மூடியைத் திறந்தால் ஈரம் உறிஞ்சப் போட்டிருந்த சின்னப் பொட்டலம் மட்டும் கிடந்தது. ஒரு கேப்சூல்கூட இல்லை.

வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். நான் அந்தப் பாட்டிலைத் திறந்ததில்லை. அப்படியென்றால் அவர்தான் தின்றிருக்கிறார், அம்புட்டையும். அவரோ விடியும் முன்பே கூட்டாளிகளோடு பைக்கில் திருவண்ணாமலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். சிவன் கோயில் இருக்கிற திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் மலைமேல் பெருமாள் நிற்கிறாரே, அது. அங்கே மொட்டை போடப் போயிருந்தார்.

மொட்டை என்று நினைத்த மாத்திரத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு மனுஷன் கோயிலுக்குப் போய் மொட்டை போடுவதில் இவளுக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்று சொன்னால் விளங்கும்.

அதில் இருந்தது மஞ்சள். நான் செய்த மஞ்சள்.

மஞ்சள் ரத்தத்தில் ஏறாது. இதை எங்கள் பக்கம் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தினமும் குழம்பில் போட்டுத் தின்கிறோமே, அதெல்லாம் பிறகு எங்கே போகுதாம் என்று என் நாத்தனார் ஒருநாள் கேட்டாள். மறுநாள் காலையில் போக வேண்டிய இடத்துக்குப் போகுது என்றேன். அவளுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. நான் என்ன செய்ய, உண்மை அதுதான். மஞ்சளின் குணத்துக்கெல்லாம் காரணம் என்று சொல்கிற குர்குமின் தண்ணீரில் கரையாது. குடல் அதை லேசில் உள்ளே விடாது. தப்பித்தவறி கொஞ்சம் நுழைந்தாலும், ஈரல் அதைப் பிடித்து உருவத்தை மாற்றி வெளியே தள்ளிவிடும். வயிற்றைத் தாண்டாத சரக்கு மூட்டுவலிக்கு என்ன செய்யும், சொல்லுங்கள்.

அதைத் தாண்ட வைப்பதுதான் எனக்குச் சம்பளம். ராஜபாளையத்துக்கு வெளியே, நூல் மில்களைத் தாண்டி ஒரு மூலிகை மருந்து கம்பெனி. சின்னதுதான். நான் அங்கே ஃபார்முலேஷன் பார்க்கிறேன். செடியிலிருந்து எடுத்த சத்தை எதோடு சேர்த்து, எப்படிப் பக்குவப்படுத்தி, எந்தக் கூட்டுக்குள் அடைத்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்று மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிற வேலை. எங்கள் முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நல்ல மனுஷர், ஆனால் பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாது. சேர்ந்த புதிதில் என்னைக் கூப்பிட்டு, ஜனங்கள் காசு கொடுத்து வாங்கித் தின்றது மொத்தமும் கக்கூஸுக்குத்தான் போகுதென்றால் நாம் எதுக்கும்மா விற்கணும், அதைச் சரி பண்ணு என்றார். 

அந்த ஒரு வேலை என்னை வருஷக்கணக்கில் பாடாய்ப் படுத்தியது. மஞ்சள் சத்தை லெசித்தினோடு சேர்த்தேன். சோயாவிலிருந்து எடுக்கிற பிசுபிசுப்பான சரக்கு அது. அதோடு ஒட்டிக்கொண்டு போனால் குடல் கொழுப்பை விடுகிற மாதிரி குர்குமினையும் உள்ளே விடும். சொல்லும்போது சுலபம். செய்யும்போது ஒருநாள் தார் மாதிரி ஒட்டும், மறுநாள் கட்டி தட்டிப் போகும். கோடையில் மிஷினே அதை விழுங்க மறுக்கும். தண்ணீரில் போட்டுப் பார்த்தால் செத்த நேரத்தில் சேறு மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் சேலை, நகம், டிபன் பாக்ஸ் எல்லாம் மஞ்சள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, எந்த ஊர்க் கோயில் கொடைக்குப் போய்ட்டு வாரே என்று கேட்டாள்.

கடைசியில் மிளகுதான் கை கொடுத்தது. மிளகுச் சத்தை ஒரு துளி சேர்த்தால், அது ஈரலின் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடும். வந்த மஞ்சளை ஈரலால் உடனே வெளியே தள்ள முடியாது. லெசித்தின் கதவைத் திறந்துவிட, மிளகு காவல்காரனைப் பிடித்துக்கொள்ள, மஞ்சள் ரத்தத்துக்குள் போய்விடும். மதுரையில் ஒரு கல்லூரியில் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஏறியிருந்தது. நான் லேபிலேயே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

ஆனால் அந்த மிளகு இருக்கிறதே, அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. ஈரலின் கையைக் கட்டினால் மஞ்சளுக்கு மட்டுமா கட்டும்? அந்த நேரத்தில் உடம்பில் வேறு எந்த மாத்திரை இருந்தாலும் அதுவும் வெளியேறாமல் உள்ளே தேங்கிவிடலாம். என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற மாத்திரை அப்படித் தேங்கினால் ஆளையே கொன்றுவிடும்.

அவர் மகாராஜபுரத்துக்காரர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். வந்த பிறகுதான் இருதய வால்வு கெட்டுப்போனது தெரிந்தது. மதுரையில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அது டிக் டிக் என்று அடிப்பது பக்கத்தில் படுத்திருக்கிற எனக்குக் கேட்கும். அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். அளவு கூடினால் எங்கிருந்தாவது ரத்தம் கசியும், நிற்காது. தலைக்குள் கசிந்தால் கதை முடிந்தது. மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்து அளவை மாற்றுவார்கள். மஞ்சள் சத்துக்கும் ரத்தத்தை இளக்குகிற குணம் உண்டு. அந்த மஞ்சளோடு மிளகையும் சேர்த்து நானே ஒரு பாட்டிலில் அடைத்திருக்கிறேன்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? வலி மாத்திரை கூடாது, நாட்டு மருந்து கூடாது, கீரையைக்கூட இஷ்டத்துக்குத் தின்னக் கூடாது என்று தினமும் கத்துகிறவளே நான்தான். ஒரு கஷாயம் வைத்துக் கொடுத்துவிட முடியாது அவருக்கு. அப்படி அடைகாத்தேன்.

பாட்டில் எப்படிச் சாமி அலமாரிக்கு வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் கம்பெனி வழக்கம் அது. எந்தப் புதுச் சரக்கு செய்தாலும் மிஷினிலிருந்து முதலில் விழுகிற பாட்டிலுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, அதை யார் செய்தார்களோ அவர்கள் கையில் முதலாளி கொடுப்பார். வாங்கினவர்கள் வீட்டில் சாமி பக்கத்தில் வைப்பார்கள். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் கொடுத்தார். என்ன சந்தோஷம் எனக்கு! கொண்டுவந்து பெருமாள் படத்துக்குக் கீழே வைத்தேன். சந்தனப் பொட்டு வைத்த பொருளைப் பூட்டியா வைப்பார்கள்?

காலியான பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை அவர் பல் தேய்த்துத் துப்பிய நுரை லேசாகச் சிவந்திருந்தது. பிரஷ் குத்திருச்சு என்றார். முழங்கைக்குக் கீழே நீலமாக ஒரு தடம். மூட்டையைத் தூக்கினேன் பட்டிருச்சு என்றார். இந்த மாத ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம் என்றதற்கு, புரட்டாசி முடியட்டும் போவோம் என்றார். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? எங்கே கேட்டேன், மிஷினுக்கு என்ன ஆச்சு, லேபிளுக்கு என்ன ஆச்சு என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

இந்த உடம்போடுதான் தலையில் கத்தி வைக்கப் போயிருக்கிறார். வேண்டுதலும் என்னுடையதுதான். ஆபரேஷன் நடந்தபோது வாசலில் உட்கார்ந்து, பெருமாளே, அவிய நல்லபடியா வெளிய வந்தா ஒம் மலையில மொட்டை போட வைக்கேன் என்று நானே நேர்ந்துகொண்டேன். பெருமாள் கேட்டதைக் கொடுத்துவிட்டார். நான்தான் அவருக்கு எமனைப் பாட்டிலில் அடைத்து வைத்திருந்தேன்.

அவருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். கூடப் போன கூமாப்பட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரும் பட்டாளத்துக்காரர்தான், அவருக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. விளக்கை ஏற்றாமல், கதவைச் சாத்தினேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல் தெருவில் இறங்கி ஓடினேன். ஸ்கூட்டியை எடுக்கத் தைரியம் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து ஊர்தான், கண்ணை மூடித் திறந்தால் வந்துவிடும் என்பார்கள். அன்றைக்கு அந்த பஸ் நகரவே இல்லை. கை காட்டின இடத்திலெல்லாம் நின்றது. துளசி மாலையோடு குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். கண்டக்டரிடம் ஏன் இப்படி நிறுத்துறீங்க என்று சண்டைக்குப் போனேன். சாமிக்குப் போறவங்கள ஏத்தாம விடச் சொல்றியாம்மா என்றார். அவர் மேல் என்ன தப்பு.

பாதி வழியில் கூமாப்பட்டிக்காரர் போனை எடுத்தார். ஒரே இரைச்சல். பெருமாள் பாட்டு ஒரு பக்கம், குழந்தை தொலைந்துபோன அறிவிப்பு ஒரு பக்கம். அண்ணே, அவிய மொட்டை போட்டுறக் கூடாது, நிறுத்துங்க என்று கத்தினேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர், மதினி, ஒண்ணும் கேக்கல, வரிசையில நிக்காரு, போட்டு முடிச்சுட்டுப் பேசச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

முடி இறக்குகிறவர்கள் அன்றைக்கு எத்தனை தலை பார்ப்பார்கள்! ஒவ்வொரு தலைக்கும் ஒரு தண்ணி, நாலு இழுப்பு. கீறல் விழாத மொட்டை உண்டா? மற்றவர்களுக்குச் சந்தனத்தைப் பூசினால் சரியாகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கொஞ்ச தூரத்திலேயே போலீஸ் மறித்து, இனி நடைதான் என்றது. நடந்தேன் என்று சொல்ல முடியாது. இடித்தேன், தள்ளினேன், திட்டு வாங்கினேன். கிழவிகளைக்கூட விலக்கிக்கொண்டு போனேன். எதிரில் வந்த ஒவ்வொரு மொட்டையையும் உற்றுப் பார்த்தேன். ஆண்டவா, எல்லா மொட்டையும் ஒரே மாதிரி இருக்கிறது.

மலை அடிவாரத்தில் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே அவரைப் பார்த்தேன். மொட்டை போட்டு, குளித்து, சந்தனமும் பூசியாகிவிட்டது. கூட்டாளிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். தலையில் துண்டை வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார். பக்கத்தில் போய்த் துண்டை எடுத்தேன். காதுக்கு மேலே சின்னக் கீறல், பிறகு உச்சியில் ஒன்று. எறும்பு கடித்த அளவுதான். அந்த எறும்புக் கடியிலிருந்து ரத்தம் சந்தனத்தை நனைத்துக்கொண்டு மெதுவாக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கழுத்துவரை இறங்கி, சட்டைக் காலர் சிவந்திருந்தது. கூமாப்பட்டிக்காரர், ஒண்ணுமில்ல மதினி, காத்தாட இருந்தா நின்னுரும் என்றார். மொட்டை போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டேன். குளிச்சு, டீ குடிச்சு, பேசிட்டு இருக்கோம், அது ஆச்சு மதினி ரொம்ப நேரம் என்றார்.

"ஏங்க, அந்தப் பாட்டில்ல இருந்ததத் தின்னீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அதுவே எனக்குப் போதும்.

மலைமேல் ஏறிச் சாமி பார்த்துவிட்டுப் போவோம் என்றார். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். இருபது வருஷக் குடித்தனத்தில் பேசாத பேச்செல்லாம் அந்த வேப்பமரத்தடியில், கூட்டாளிகள் முன்னால் பேசினேன். பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களே கூட்டத்தை விலக்கி, போலீஸிடம் சொல்லி ஒரு வண்டி பிடித்துக் கொடுத்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சின்ன வயசு டாக்டரம்மா. கீறல்களைப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னார். ஊசி குத்திய இடத்திலும் கசிந்தது. ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், மலம் கறுப்பாகப் போகுதா என்று கேட்டார். தலைவலி இருக்கா என்றபோது அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். ரெண்டு நாளா லேசா இருக்கு மேடம், வெயில்னு நெனச்சேன் என்றார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, உடனே தலையை ஸ்கேன் எடுக்கணும் என்றார்.

நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறாரா என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். மருந்தெல்லாம் இல்ல மேடம், சாமிகிட்ட வச்சிருந்தது, பிரசாதம்னு ரெண்டு ரெண்டா எடுத்துச் சாப்பிட்டேன் என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் சத்து, லெசித்தின், மிளகுச் சத்து, அளவு, எதற்காக எதைச் சேர்த்தேன் என்று ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. இதைச் செஞ்சது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ரத்தப் பரிசோதனை வந்தது. இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. உடனே முறிக்க மருந்து கொடுங்க என்றேன். அவசரப்பட முடியாதும்மா, ஒரேயடியா முறிச்சா வால்வுல கட்டிக்கும் என்றார். எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். இந்தப் பக்கம் போனாலும் சாவு, அந்தப் பக்கம் போனாலும் சாவு, நடுவில் ஒரு மயிரிழை. அந்த மயிரிழையில் நிற்பது என் மனுஷன்.

ஸ்கேன் அறைக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு. வாசலில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மகளுக்குப் போன் பண்ண நம்பரை எடுத்தேன், என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், அம்மா செஞ்ச மருந்து ரொம்ப நல்லா வேலை செய்யுதும்மா என்றா சொல்ல?

அந்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டார். திங்கட்கிழமை முதல் லோடு கிளம்புகிறது, லேபிளைக் கடைசியாக ஒரு தரம் நான் பார்க்க வேண்டும், ஏன் வரவில்லை என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு மனசு இளகினால் என்னைத் தல்லி என்பார், அவர்கள் வீட்டில் அம்மா என்று அர்த்தம். பயப்படாத தல்லி, மஞ்சத்தான, என்ன பண்ணிரும் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். சார், அது மஞ்சளா இருக்கக் கூடாதுன்னுதான எனக்குச் சம்பளம் குடுத்தீக, இப்ப அது மஞ்சளே இல்ல என்று கத்தினேன். ரத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற எவரும் இதைத் தொடக் கூடாது, எந்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலும் டாக்டரைக் கேட்டுத்தான் தொடணும் என்று பாட்டில் முகப்பில் பெரிசாகப் போடாமல் ஒரு டப்பாகூட வெளியே போகக் கூடாது என்றேன். என் வேலை போனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அவர், லோடை நிறுத்திட்டு நான் அங்க வாரேன், மொதல்ல அவரைப் பாரு என்று வைத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் விரலை வைத்து எதையோ காட்டினார். அவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டேன். அவர் இல்லாத வீடு, அந்த டிக் டிக் சத்தம் கேட்காத கட்டில், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நர்ஸ் வந்து தோளைத் தொட்டு, எந்திரிங்கக்கா, தலைக்குள்ள ரத்தம் இல்ல என்றாள். போன உயிர் திரும்பி வந்தது. அழுகை மட்டும் நிற்கவில்லை.

ரத்தத்தை உறைய வைக்கிற வைட்டமின் மருந்தைக் கொஞ்சமே கொஞ்சமாகக் கொடுத்தார்கள். ரத்த மாத்திரையை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து, அளவு இறங்குகிறதா என்று பார்ப்போம், இறங்கினாலும் ரொம்ப இறங்கிவிடக் கூடாது, இன்னும் ஆபத்து தாண்டவில்லை என்றார் டாக்டரம்மா. வார்டில் படுக்க வைத்தார்கள். மொட்டைத் தலையில் வெள்ளைக் கட்டு. ஆள் பாதியாகத் தெரிந்தார். மறுபடி ரத்தம் எடுத்துவிட்டு, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து என்னை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். என் பயம் மறுபடி கோபமாகிவிட்டது. முழங்கால் வலிக்குத் தின்றீர்களா, இல்லை நிஜமாகவே பிரசாதம் என்றா நினைத்தீர்கள், நான் தினமும் கத்துவது காதில் விழவில்லையா என்று கேட்டேன். சத்தம் போடக்கூடத் தெம்பில்லை, கிசுகிசுவென்றுதான் வந்தது.

"பிரசாதம்னு எவன் நெனச்சான்? அந்த டாக்டரம்மா முன்னால ஒனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு சொன்னேன்."

பிறகு எதுக்கு என்றேன். அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆவணியில் ஒருநாள் நான் அடுப்படியில் நின்று சிநேகிதியோடு போனில் அழுதேனாம். எலிக்கு ஏறிருச்சு, மனுசனுக்கு ஏறுதான்னு பார்க்கச் செலவும் அனுமதியும் யார் வாங்குவா, அதைப் பாக்காமலே விக்கப் போறாங்க, நான் பட்ட பாடு உண்மையா பொய்யான்னு எனக்கே தெரியப் போறதில்லை என்று சொன்னேனாம். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"மனுசன்னு யாராச்சும் ஒருத்தன் தின்னு பாக்கணும்லட்டி. ஒனக்குன்னு நான் ஒருத்தன்தான இருக்கேன்."

அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது. எங்கே அடிக்க, தொட்ட இடமெல்லாம் நீலம் பாயும். அவர் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் விரலுக்குக் கீழே பஞ்சு சிவந்துகொண்டு வந்தது.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"அப்ப, ஏறிருச்சா?"

பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏறிருச்சுங்க என்றேன்.